நல்லி எலும்பு கிடைக்காத படை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஓஸ்கெலைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்றுதான் நான் அவனுக்குச் சோறு போட்டேன். மற்றபடி அவன் மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

எங்கள் ஊர் செம்மண்பட்டி. செவ்வாயில் எங்கே தோண்டினாலும் செம்மண்தான். இருந்தும் எங்கள் முன்னோர் சிவகங்கைப் பக்கமிருந்து கப்பலேறி வந்து, கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே காற்றை நிரப்பி, ரொம்ப யோசித்து இந்தப் பெயரை வைத்தார்கள். ஊருக்கு அடியில் நல்ல உலோகத் தாது இருந்தது. அதைக் கேள்விப்பட்டு சனிக்கோள் பக்கத்திலிருந்து வளையப் படை வந்து இறங்கியது. அதற்கு முன்பே பல ஊர்களைப் பிடித்த படை. எங்களைப் பிடிக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

அந்தக் காலையில் வாசல் அறையில் வேலையிலிருந்தவன் என் தம்பி மலைச்சாமி. கூரைக்கும் வெளிக்கும் நடுவே உள்ள பெரிய கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த அறையிலிருந்துதான். அது யார் கையிலோ ஊரும் அவர்கள் கையில். மலைச்சாமி கையில் ஒரு ஸ்பேனரோடு குறுக்கே நின்றான். வெறும் ஸ்பேனர். இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு சிப்பாய் அவனைச் சுட்டதை நான் எதிர்ப்பக்கம் இருந்த என் மெஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போது உமையாள் என் வயிற்றில் இருந்தாள்.

அழுது முடித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி இல்லையே என்பதுதான். இரண்டாவது, அந்தத் தழும்புக்காரனை என் கையால் சுட வேண்டும் என்பது. இரண்டையும் என் புருஷன் சேவுகனிடம் அன்றே சொன்னேன். முதலாவதற்கு அவரும் அழுதார். இரண்டாவதைக் கேட்டதும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் படையின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. அதற்குக் கொஞ்சம் மூளை உண்டு. முன்பு ஏதோ ஒரு சண்டையில் தங்கள் ஆட்களையே நிறையப் பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டார்களாம். அதனால் சொந்த ஆளைச் சுடவே முடியாத துப்பாக்கி செய்தார்கள். சீருடையை யார் வேண்டுமானாலும் திருடிப் போட்டுக்கொள்ளலாம், முகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அது பிடித்திருப்பவனின் நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கும். எதிரே நிற்பவன் அந்த நெஞ்சுக்கு அந்நியன் என்றால் அடிக்கட்டையில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரியும், சுடலாம். சொந்தம் என்றால் பச்சை. என்ன அழுத்தினாலும் சுடாது. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் சிவப்புதான்.

ஓஸ்கெல் என் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தான். புருவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவள் போல இலை போட்டேன். இவனை விடாமல் வரவைக்க வேண்டும், ஒருநாள் அசந்திருக்கும்போது அவன் துப்பாக்கியை எடுத்து அவனையே சுட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். பார்த்துப் பார்த்துப் பரிமாறினேன். அவனும் மொழிபெயர்க்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கரண்டிக்கும் நன்றி சொன்னான். வருஷம் இரண்டு ஓடியது, பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள், அவன் துப்பாக்கியை ஒரு நொடிகூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. என் பக்கம் திரும்பினால் விளக்கு சிவப்பு.

ஊரே அப்படித்தான் இருந்தது. எல்லோரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம், எழுந்து நின்றோம், முதல் பந்தியில் உட்கார வைத்தோம். விளக்கு ஒன்றுகூட மாறவில்லை. எங்கள் சிரிப்பு அவர்கள் நெஞ்சைத் தொடவில்லை என்று எங்களைவிட அந்த இரும்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

திருப்பம் வந்தது என் நாத்தனார் கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில். எங்கள் ஊரில் ஆடு கிடையாது. கறியைத் தொட்டியில் வளர்ப்போம். எலும்பைத் தனித்தொட்டியில் வளர்க்க வேண்டும், அதற்கு ரொம்ப நாள் பிடிக்கும், அதனால் நல்லி எலும்பு என்றால் ஊரில் வெட்டுக்குத்து நடக்கும். அன்றைக்கு எலும்பு வாளியோடு வந்தவள் நான்தான். ஓஸ்கெலின் இலைக்கு வந்தபோது பிள்ளை எங்கோ விழுந்து அலறினாள். வாளியோடு ஓடிவிட்டேன். திரும்பி வந்தவள் அவனை மறந்து பக்கத்து இலையிலிருந்து தொடங்கிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக.

அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

பாதிச் சாப்பாட்டில் ஒருவன் எழுந்து போனால் பந்தி போட்டவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வந்ததே கோபம். படையாவது துப்பாக்கியாவது, எல்லாம் மறந்துவிட்டது. வாளியோடு வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன்.

“போறதுன்னா போ. ஒரு எலும்புக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? பிள்ளை விழுந்து கெடக்கா, ஒன்னையப் பாத்துக்கிட்டா நிக்கச் சொல்ற?”

அவன் நின்றான். பாதிதான் திரும்பினான். மூஞ்சி சிவந்து, கீழுதடு துருத்திக்கொண்டிருந்தது. “எல்லாருக்கும் போட்டீர்கள். எனக்கு மட்டும் போடவில்லை” என்றான், அவன் கருவி அவனுக்குக் கற்றுக்கொடுத்த பேச்சில்.

அவன் தோளில் தொங்கிய துப்பாக்கி டிக் என்றது. விளக்கு பச்சைக்கு மாறியது.

இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். அவன் சட்டென்று உள்ளங்கையால் விளக்கை மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். நான் வாளியோடு நின்றேன். கோபம் தணிவதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே ஓஸ்கெல் சேவுகனைத் தேடி ரகசியமாக வந்தான். சேவுகன் மின்சாமான் பழுது பார்ப்பவர், படையின் கருவிகளையும் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். துப்பாக்கி கெட்டுப்போனது தளபதிக்குத் தெரிந்தால் தண்டனையாம், ஆகவே சத்தமில்லாமல் சரிசெய்து தரச் சொன்னான். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்று சோறு தின்னும்போது என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“ஏத்தா, இதுல கெட்டது ஒன்னுமே இல்ல. உள்ள பதிஞ்சு கெடக்குறதெல்லாம் பாத்தேன். இதைச் செஞ்சவங்க, சொந்தம்னா எப்படி இருக்கும்னு அதுக்குக் கத்துக்குடுக்க, அவங்க முகாம்லயே மாசக்கணக்கா வச்சிருந்திருக்காங்க. முகாம்ல எவன் எவனைப் பாத்துச் சிரிக்கிறான்? என் சோப்ப எடுத்தியா, என் கட்டில்ல படுத்தியான்னு பூரா நேரமும் கோவிச்சுக்கிட்டுத்தான் கெடப்பான். அதை வச்சுத்தான் இது படிச்சிருக்கு. பயந்தா ஒரு துடிப்பு, வெறுத்தா ஒரு துடிப்பு, மரியாதை குடுத்தாலும் ஒரு துடிப்பு. அதெல்லாம் இதுக்கு அந்நியந்தான். கோவிச்சுக்கிட்டுப் போறவன் துடிப்பு வேற. நெஞ்சு கொதிக்கும், ஆனா பின்னாடியிருந்து யாராச்சும் கூப்பிட மாட்டாங்களான்னு காது மட்டும் அங்கிட்டே நிக்கும் பாரு, அது மட்டுந்தான் இதுக்குச் சொந்தம்.”

“அப்ப நம்ம ஆளு கையில துப்பாக்கி இருந்தா?” என்று கேட்டேன்.

“யார் கையில இருந்தாலும் அந்த ஆளு நெஞ்சைத்தான் பாக்கும்.”

அப்படியானால் என் கையில் ஜோராக வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என் நெஞ்சில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா?

விஷயம் ஊருக்குள் கசிந்தது. அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். வருஷக்கணக்காகப் பல்லைக் காட்டிக் காட்டி வாய் வலித்துப்போயிருந்த ஜனம், ஒரே வாரத்தில் பல்லை உள்ளே இழுத்துக்கொண்டது. சண்டை போடச் சொன்னால் எங்கள் ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்? விசேஷம் வைத்தால் பாதிச் சிப்பாய்களை நேரில் போய் அழைத்தோம், மீதிப்பேருக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம். நேரில் அழைக்காதவர்கள் வந்து, ஏன் எங்களை மட்டும் அப்படி என்று நின்றார்கள். வராதவர்களின் முகாம் வாசலுக்கே போய், வந்தால் என்ன குறைந்துவிடும் என்று திட்டினோம். ஒருவன் கொண்டுவந்த தட்டிலிருந்த வாழைப்பழம் கறுத்திருந்தது என்று திருப்பிக் கொடுத்தோம். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டானாம். சந்தன பேலாக் கிண்ணத்தை இன்னாருக்கு முன்னால் இன்னாருக்கு நீட்டினார்கள் என்று இரண்டு பிரிவுச் சிப்பாய்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு பிரிவு ரோந்து போகும் தெருவில் இன்னொரு பிரிவு கால் வைப்பதில்லை.

டிக், டிக் என்று ஊரெல்லாம் பச்சையானது. ஒவ்வொருவனும் தன் துப்பாக்கி மட்டும்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, விளக்கின் மேல் டேப் ஒட்டி மறைத்தான். மேலதிகாரிக்குப் பயந்து எல்லோரும் எல்லாம் சரி என்றே சொன்னார்கள். மொத்தப் படையும் சுடாத இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நடந்தது. சேவுகன் கடை முன்னால் தினமும் சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்க்காதது போல வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொன்றையும் துடைத்து, சரியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பார்.

ஓஸ்கெல் வந்தான், போனான், கோபித்தான். கருவியைக் கழற்றிவிட்டு எங்கள் பேச்சையே பேசக் கற்றுக்கொண்டான். என்னை அக்கா என்றான். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று அவனும், இருந்தது என்று நானும் ஒரு மணி நேரம் கத்தினோம். முடிவில் அவன் கண் கலங்கியிருந்தது.

“ஊர விட்டு வந்து நாலு வருசமாச்சுக்கா. உத்தரவு போட்டிருக்காங்க, காறித் துப்பியிருக்காங்க. ஒருத்தருகூட என்மேல கோவப்பட்டதில்ல.”

அவன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். உடனே மலைச்சாமியின் ஸ்பேனரை நினைத்துக்கொண்டேன். அதை அடுப்புக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தேன். அன்றிரவு காது குத்துக்கு நாள் பார்க்கச் சொன்னேன்.

திட்டம் இதுதான். உமையாளின் காது குத்துக்கு மொத்தப் படையையும் அழைப்பது. எங்கள் ஆட்கள் சிலர் விருந்துக்கு வராமல் வாசல் அறைக்குப் போவார்கள். காவலிருப்பவன் துப்பாக்கி எப்படியும் சுடாது. நாங்கள் குலவை போட்டதும் அறையைப் பிடிப்பார்கள். இது ஊரின் திட்டம். அதற்குள்ளே என் திட்டம் தனி. மாமனாக ஓஸ்கெலை உட்கார வைப்பேன். மலைச்சாமியின் இடத்தில் அவனைக் கொன்றவனை உட்கார வைத்து, காது குத்தி முடிந்ததும் அங்கேயே சுடுவேன். சேவுகனிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தார். வேண்டாம் மீனா என்றார். நான் கேட்கவில்லை.

விசேஷத்துக்கு முந்தின நாள் தளபதி ரேவிக் மெஸ்ஸுக்கு வந்தார். மொட்டைத் தலை, கல் மாதிரி முகம். தன் துப்பாக்கியை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பிப் பிடித்து டேப்பை உரித்தார். பச்சை.

“எனக்குத் தெரியும்” என்றார். “எங்களை வெறுத்த ஊர்களில் நாங்கள் பத்திரமாக இருந்தோம். குண்டு வைத்தார்கள், விஷம் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. பலம் என்பது வருகிற அன்றைக்கு இருப்பது. தங்கிவிட்டால் முடி வெட்ட ஒருவன் வேண்டும், பல் வலித்தால் ஒருவன் வேண்டும், கோபித்துக்கொள்ள ஒருவன் வேண்டும். அடுத்த வாரம் புதுப்படை வருகிறது. எங்களையெல்லாம் பிரித்துப் பிரித்து வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு மறுபடி எல்லாம் சிவப்பு.”

எங்களைக் காட்டிக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காது குத்துக்குத் தன்னை யாரும் நேரில் வந்து அழைக்கவில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, சேவுகனையும் இழுத்துக்கொண்டு வந்து, அந்த மேசையிலேயே வைத்து அழைத்தோம். அவ்வளவு கடைசியில் அழைத்ததற்கு வருவதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வந்தார். முதல் ஆளாக வந்து, பந்தல் சரியில்லை என்றார். படை மொத்தமும் வந்தது. துப்பாக்கிகளை வாசலில் செருப்புகளோடு விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஓஸ்கெல் குளித்து, வேட்டி கட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்தபடி பலகையில் உட்கார்ந்தான். மடியில் உமையாளை வைத்தேன். ஊசி இறங்கியதும் அவள் அவன் புருவத் தழும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலறினாள். அவனும் சேர்ந்து அழுதான். பெண்கள் குலவை போட்டார்கள். வாசல் அறை எங்கள் கைக்கு வந்தது. காவலில் இருந்தவன், தன்னை மட்டும் விருந்துக்கு விடவில்லை என்ற கோபத்தில் அறையின் கதவைத் தானே திறந்துவிட்டானாம்.

சேவுகன் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலுக்குப் போய் ஓஸ்கெலின் துப்பாக்கியை எடுத்து வந்து, அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினேன். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

“தெரியும்க்கா” என்றான். எழவில்லை. “அந்த வாசல்ல ஸ்பேனரோட நின்னது ஒங்க தம்பி. அடுப்புக்கு மேல அது தொங்குறதப் பாத்தன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் வந்து ஒக்காந்தேன்.”

“தெரிஞ்சும் என் பிள்ளைய மடியில வாங்கினியா? ஒருநாளாச்சும் ஒரு வார்த்தை சொன்னியாடா எங்கிட்ட?”

அழுத்தினேன். டிக் என்றது. மறுபடி அழுத்தினேன். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை. பொய் சொல்லாதே என்று அந்த இரும்பைப் பார்த்துக் கத்தினேன். இவன் என் தம்பியைக் கொன்றவன், எனக்கு இவன் மேல் கோபம் கோபமாக வருகிறது என்றேன். கத்தக் கத்தப் பச்சை அழுத்தமாகத்தான் எரிந்தது. துப்பாக்கியை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இலை போட்டாகிவிட்டது, சாப்பிட வாருங்கள் என்று தளபதிதான் கூட்டத்தைக் கிளப்பினார்.

புதுப்படையின் கப்பல் வந்தது. கதவு எங்களிடம் இருந்தது, நாங்கள் திறக்கவில்லை. கூரையை உடைக்கலாமா என்று மேலேயிருந்து கேட்டார்கள். தளபதி ரேவிக் ரேடியோவில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், எலும்பு வரைக்கும். எந்த எலும்பு என்று அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டார்கள். பிறகு, உள்ளே வருகிறவனுக்கும் இது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, எங்கள் ஊர் நோய் பிடித்த ஊர் என்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இங்கே தங்கிய சிப்பாய்களுக்குச் சொந்த ஊரும் போயிற்று, பெற்றவர்களும் போனார்கள். சிலர் அந்தக் கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டே பல நாள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போய், சாப்பிட வரப்போகிறாயா இல்லையா என்று திட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அந்தத் துப்பாக்கி என் வீட்டுச் சுவரில், ஸ்பேனருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் உமையாள் பிறந்தநாளுக்கு ஓஸ்கெல் சீர்த்தட்டோடு வருவான். நான் துப்பாக்கியை எடுத்து நீட்டுவேன். அவன் தட்டோடு வாசலிலேயே நிற்பான். பச்சை எரியும். சோறு ஆச்சா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவான். சேவுகனுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

போன வருஷம் அவனுக்குப் பக்கத்து ஊர்க் கூரையில் வேலை கிடைத்தது. வருவது குறைந்தது. பேசினால் நலமா என்றான், நலம் என்றேன். சண்டை போட நேரமில்லை. நல்ல மரியாதையாக இருந்தோம்.

இந்தப் பிறந்தநாளுக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்றான். பழக்கத்தில் துப்பாக்கியை எடுத்து நீட்டினேன்.

சிவப்பு.

எத்தனை வருஷம் காத்திருந்த சிவப்பு. விரல் விசையில் இருக்கிறது. மலைச்சாமியின் முகம் கண்முன்னே வந்தது. ஓஸ்கெலும் பார்த்துவிட்டான். ஓடவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தட்டில் சட்டைத்துணி, பழம், ஒரு ஜோடிக் கொலுசு. அந்த விளக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணைத் தட்டின் பக்கம் திருப்பினேன்.

“என்னடா அது? வெள்ளிக் கொலுசா? என் பிள்ளைக்கு வெள்ளியிலயா கொண்டாந்த? இதுக்கு நீ வராமயே இருந்திருக்கலாம்.”

கண்ணைத் திறந்தான். கொலுசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மெல்ல அவன் கீழுதடு துருத்தியது.

“கொலுசு வெள்ளியிலதான்க்கா போடுவாங்க. அதுகூடவா நான் வந்து சொல்லணும்? வராம இருக்கலாம்னா எதுக்குக் கூப்பிட்டீங்க? அதுவும் போன்ல.”

“போன்ல கூப்பிட்டா வரமாட்டீகளோ தொரை? நேர்ல வந்து கால்ல விழுகணுமோ?”

டிக்.

பச்சையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. துப்பாக்கியை மாட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வந்து சாப்பிடுடா என்றேன். பசியில்லை என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.